பாதியில் திரும்பும் கணினி

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்தக் கதையை நான் கண்ணாலேயே நான்கு முறை கண்டேன். 2025-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், என் மடிக்கணினியில் இருந்த விண்டோஸ் 10-க்குப் பதிலாக விண்டோஸ் 11-ஐ ஏற்ற முயன்றேன். நூற்றுக்கு அறுபது என்னும் எண்ணைத் தாண்டியதும் திரை இருளும். நெடுநேரம் அசைவே இராது. பிறகு, 'செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்' என்ற பொருளில் ஆங்கில வரி ஒன்று தோன்றும். இன்னும் சிறிது நேரத்தில் பழைய விண்டோஸ் 10, ஒன்றுமே நடவாததுபோல் என்முன் வந்து நிற்கும். காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்று எங்கள் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். காசியிலேயே குடியிருந்தும் என் கருமம் தொலையவில்லை!

இந்தத் தொல்லை எனக்கு மட்டும் வந்ததன்று. நம் விடுதியில் உள்ள தமிழ் மாணவர் சிலரும் இதே நிலையில் நின்றார்கள். ஆகவே, நான் பட்ட பாட்டையும் அதிலிருந்து கற்ற பாடத்தையும் இங்கே முறையாக எழுதி வைக்கிறேன். கணினியைப் பற்றி அதிகம் அறியாத நண்பர்களும் இதைப் படித்துப் பயன் பெறலாம்.

ஏன் மாற்ற வேண்டும்?

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29-இல். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு அதற்கான பொது ஆதரவு முடிந்தது. ஆதரவு முடிந்தது என்பதால் கணினி மறுநாளே நின்றுவிடாது. ஆனால் அதில் புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்கும் திருத்தங்கள் வழக்கம்போல் வந்துகொண்டிரா. பூட்டுத் தேய்ந்த வீட்டில் எத்தனை நாள் அச்சமின்றி உறங்க முடியும்? ஆகவே பலரும் 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-க்கு மாற முனைந்தார்கள். நானும் முனைந்தேன்.

கடைக்காரர் கேட்ட கேள்வி

மூன்று முறை முயன்று மூன்று முறையும் தோற்றேன். முதல் முயற்சிக்குப் பிறகு, இடம் போதவில்லை போலும் என்று எண்ணிப் பழைய படங்களை அழித்தேன். இரண்டாம் முறை தோற்றதும், இறக்கிய கோப்பு பழுதாகியிருக்கும் என்று எண்ணி மறுபடியும் இறக்கினேன். மூன்றாம் முறைக்கு முன் கையில் அகப்பட்ட அமைப்புகளை எல்லாம் மாற்றினேன். ஆய்வுக்கூடத்தில் ஒரே நேரத்தில் ஐந்து அளவுகளை மாற்றிவிட்டு, விடை ஏன் மாறியது என்று கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? என் சொந்தக் கணினி என்றதும் அந்த ஒழுங்கெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

பிறகு கணினியைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம், மாலையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று இந்தியில் சொன்னார். எனக்கும் அது நல்ல வழியாகவே பட்டது. பணத்தை எடுத்து நீட்டினேன். அதை வாங்கும் முன் அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "உள்ளே வேண்டியது ஏதாவது இருக்கிறதா?"

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. என் முதுகலை இயற்பியல் ஆய்வுக்காக, மென்படலங்களின் மின்தடை வெப்பநிலையோடு எவ்வாறு மாறுகிறது என்று பதினொரு வாரம் அளந்து வைத்த எண்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. அவற்றுக்கு வேறு நகல் இல்லை. அந்தப் படலங்களும் இப்போது இல்லை. காற்றுப் பட்டுக் கெட்டுவிட்டன. அந்த எண்கள் போனால் என் ஓராண்டும் போயிற்று. கணினியை வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் விடுதிக்குத் திரும்பினேன். வழியில் ஒரு வெளி டிஸ்க்கை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு செய்த முதல் வேலை நகல் எடுத்தது. இரண்டாம் வேலை, நடப்பது என்ன என்று படித்தது.

குடிபெயர்தலின் நான்கு படிகள்

ஊர்விட்டு ஊர் வந்து படிக்கும் நமக்கு, இயங்குதளத்தை மாற்றுவது எத்தகையது என்பதை எளிதில் விளக்கலாம். அது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிபோவதைப் போன்றது. அதில் நான்கு படிகள் உண்டு.

முதற்படியில் நாம் பழைய வீட்டிலேயே இருக்கிறோம். விண்டோஸ் 10 இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதிய கோப்புகள் வந்து இறங்குகின்றன. இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி உடையதா என்ற சோதனையும் இங்கே நடைபெறுகிறது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் வசதி, 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம், ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ள ஒரு பிராசசர் ஆகியவை வேண்டும். நம்மிடம் உள்ள மென்பொருள்கள் எவை, டிரைவர்கள் எவை என்று கணக்கும் எடுக்கப்படுகிறது.

இரண்டாம் படியில் கணினி அணைந்து மீண்டும் எழுகிறது. இப்போது இயங்குவது பழைய விண்டோஸும் அன்று, புதிய விண்டோஸும் அன்று. தற்காலிகமான சிறிய இயங்குதளம் ஒன்று இயங்குகிறது. மூட்டை முடிச்சுகளோடு தெருவில் நிற்கும் நேரம் என்று இதனைக் கொள்ளலாம். பழைய விண்டோஸ், 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறைக்குள் ஒதுக்கி வைக்கப்படுகிறது. புதியது அதன் இடத்தில் பரப்பப்படுகிறது.

மூன்றாம் படி புதிய விண்டோஸ் முதன்முதலாகக் கண் விழிக்கும் நேரம். திரை, விசைப்பலகை, ஒலி, வைஃபை முதலிய ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய டிரைவர் இப்போது வேலையில் சேர வேண்டும். டிரைவர் என்பது வண்டி ஓட்டுபவர் அன்று. ஓர் உறுப்பு பேசுவதை இயங்குதளத்துக்கும், இயங்குதளம் பேசுவதை உறுப்புக்கும் எடுத்துச் சொல்லும் சிறு மென்பொருள். இந்தி தெரியாமல் காசிக்கு வந்த முதல் வாரத்தில் நம்மோடு கடைக்கு வந்தாரே ஒரு மூத்த மாணவர், அவரைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படியில் நம் கோப்புகளும் அமைப்புகளும் உரிய இடத்தில் வைக்கப்பட்டு, பழகிய முகப்புத் திரை தோன்றுகிறது. புது வீட்டில் பால் காய்ச்சியாயிற்று.

இந்த நான்கு படிகளில் எதில் இடர் நேர்ந்தாலும், கணினி மேற்கொண்டு போகாமல் பழைய வீட்டுக்கே நம்மைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. இதைத்தான் நான் கணினியின் பிடிவாதம் என்று எண்ணிச் சினந்தேன். உண்மையில் அது செய்தது பேருதவி. நான்கு முறை திரும்பியும் என் பதினொரு வார எண்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. அவற்றை அழிக்கப் புறப்பட்டவன் நானே.

எண் சொல்லும் செய்தி

திரும்பி வந்த பிறகு திரையில் ஓர் எண் தோன்றும். முதல் மூன்று முறையும் அதைப் படிக்காமலே மூடினேன். நான்காம் முறை தாளில் எழுதிக்கொண்டேன்: சி1900101, அதை அடுத்து 30018. (திரையில் ஆங்கில எழுத்துகளில் இருக்கும், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சுழியும் எக்ஸ் என்ற எழுத்தும் வரும்.)

இவ்வெண் இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லும். இரண்டாம் பகுதி எங்கே நேர்ந்தது என்பதைச் சொல்லும். சி1900101 என்பது பொதுவான திரும்பல் எண். பெரும்பாலும் ஒவ்வாத டிரைவர் ஒன்றைச் சுட்டும். இரண்டாம் பகுதியின் முதல் இலக்கமே படியின் எண். 30018 என்பதில் முதலில் நிற்பது 3. எனவே மூன்றாம் படி, அதாவது முதல் விழிப்பு. ஏதோ ஒரு டிரைவர், கூப்பிட்ட குரலுக்குப் பதில் கொடாமல் நின்றுவிட்டது என்பது இதன் பொருள். நான் அழித்த படங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நண்பர்கள் காணக்கூடிய வேறு சில எண்களையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 80070070 வந்தால் டிஸ்க்கில் இடம் போதவில்லை. சி1900200, சி1900202 ஆகியவை வந்தால் கணினிக்குத் தகுதி போதவில்லை. சி1900208 வந்தால், ஒவ்வாத மென்பொருள் ஒன்று தடுக்கிறது. அதை நீக்கிவிட்டு முயல வேண்டும். 800எஃப்0922 வந்தால், இணையத் தொடர்பு விபிஎன் வழியே போவதால் தடைப்பட்டிருக்கலாம். அல்லது கணினி எழுவதற்கென்று ஒதுக்கப்பட்ட சிறு பகுதி நிரம்பியிருக்கலாம். நம்முடைய பெரிய டிஸ்க்கில் நூறு ஜிகாபைட் காலியாக இருந்தாலும், அந்தச் சிறு பகுதி நிரம்பியிருந்தால் வேலை நடவாது. வீடு பெரிதாயிருந்து என்ன பயன், வாசற்படியில் மூட்டை கிடந்தால்?

கணினி எழுதும் நாட்குறிப்பு

எண் வழியைக் காட்டிற்று. ஆனால் எந்த டிரைவர் என்று சொல்லவில்லை. அதை அறிய நாட்குறிப்பைத் திறக்க வேண்டும். ஆம், ஒவ்வொரு நொடியும் தான் செய்வதைக் கணினி எழுதிக்கொண்டே போகிறது. சி டிரைவில் '$விண்டோஸ்.~பிடி' என்ற கோப்புறை மறைந்திருக்கிறது. அதனுள் 'சோர்சஸ்', அதனுள் 'பாந்தர்' என்று அடுத்தடுத்துச் செல்ல வேண்டும். அங்கே 'செட்டப்ஆக்ட்', 'செட்டப்எர்' என்னும் குறிப்புக் கோப்புகள் இருக்கும். கணினி திரும்பி வந்திருந்தால் 'ரோல்பேக்' என்ற கோப்புறையும் 'சோர்சஸ்' உள்ளேயே இருக்கும். அதில் 'செட்டப்ஏபிஐ.டெவ்' என்ற கோப்பு டிரைவர்களின் வரலாற்றைச் சொல்லும்.

இக்கோப்புகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். 'எரர்' என்ற சொல் பல இடங்களில் வரும். அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. முழுவதையும் படிப்பது வீண் வேலை. திரை இருண்டது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, அந்த நேரத்தைச் சுற்றியுள்ள வரிகளை மட்டும் கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படித்தால் போதும்.

என் கணினி இருண்டது இரவு 11.40-க்கு. டிரைவர் வரலாற்றில் ஒவ்வொரு வேலையும் மூன்று வலப்புறக் குறிகளோடு தொடங்கி, மூன்று இடப்புறக் குறிகளோடு முடிகிறது. முடிவில் வெற்றியா தோல்வியா என்றும் எழுதப்படுகிறது. கடைசியில் ஒரு வேலை மட்டும் தொடங்கியிருந்தது. முடிந்ததற்கான குறி இல்லை. அதற்குமேல் கோப்பே இல்லை. தொடங்கிய இடத்தில் 'ஓஇஎம்27' என்ற பெயர் இருந்தது. வெளியார் தந்த டிரைவர்களுக்கு விண்டோஸ் இவ்வாறு எண்ணிட்டுப் பெயர் சூட்டுகிறது. 'பிஎன்பியுடில்' என்ற கட்டளையைக் கொண்டு டிரைவர்களின் பட்டியலைக் கேட்டேன். இருபத்தேழாம் எண்ணுக்கு உரியது எது என்று அது காட்டிற்று.

குற்றவாளி

அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒருங்கே வந்தன. முதலாண்டில் ஒரு செய்முறைக்காக, வெப்பநிலை அளக்கும் பழைய கருவி ஒன்றை என் கணினியோடு இணைத்திருந்தேன். அதற்காக 'மெய்நிகர் சீரியல் போர்ட்' என்ற ஒன்றை உண்டாக்கும் டிரைவரை நானே ஏற்றினேன். கணினியில் இல்லாத ஒரு துளையை இருப்பதாக அதனையே நம்ப வைப்பது அந்த டிரைவரின் வேலை. செய்முறை முடிந்தது. கருவியை ஆய்வுக்கூடத்தில் திருப்பிக் கொடுத்தேன். மென்பொருளையும் நீக்கினேன். டிரைவர் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. விருந்தினர் போய்விட்டார், அவருக்கு வைத்த வேலையாள் ஓராண்டாகப் பின்கட்டில் இருந்திருக்கிறார்!

வெளியே இணைத்த கருவிகளை எல்லாம் கழற்றிவிட்டு முயலும்படி அறிவுரை கூறுவார்கள். அது நல்ல அறிவுரையே. நான்காம் முறை நானும் கழற்றினேன். பயனில்லை. ஏனெனில் இந்த டிரைவருக்குக் கருவியே வேண்டியதில்லை; கணினி எழும்போதெல்லாம் தானும் எழும்.

அதை நீக்குவது கடினமன்று. 'டிவைஸ் மேனேஜர்' பகுதிக்குச் சென்று, 'வியூ' என்பதன்கீழ் மறைந்துள்ள கருவிகளையும் காட்டும்படி கேட்க வேண்டும். மங்கலான எழுத்தில் பழைய பெயர்கள் பல தோன்றும். வேண்டாததைத் தேர்ந்து நீக்கும்போது, டிரைவர் மென்பொருளையும் சேர்த்து அழிக்கும்படி கேட்கும் கட்டத்தில் குறியிட வேண்டும். நான் அந்த ஒன்றை மட்டும் நீக்கினேன், வேறெதையும் தொடவில்லை. கணினியை அணைத்து எழுப்பி, ஐந்தாம் முறை தொடங்கினேன். அறுபது கடந்தது. எழுபத்தைந்து கடந்தது. விடியுமுன் விண்டோஸ் 11 வந்துவிட்டது. முதலில் திறந்து பார்த்தது என் எண்களைத்தான். எல்லாம் இருந்தன.

செய்ய வேண்டிய முறை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து, மாற்ற எண்ணும் நண்பர்களுக்கு ஒரு வரிசை தருகிறேன்.

1. முதலில் நகல் எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது. ஒரு கோப்பையாவது வேறு கணினியில் திறந்து பாருங்கள். பிட்லாக்கர் என்னும் மறைகுறியீட்டு வசதி உங்கள் கணினியில் இருந்தால், அதற்குரிய 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்து, மேம்படுத்தும் வரையில் அவ்வசதியை நிறுத்தி வையுங்கள்.

2. 'பிசி ஹெல்த் செக்' என்ற மென்பொருளைக் கொண்டு தகுதியைச் சோதியுங்கள். தகுதியில்லை என்று வந்தால் அது பழுதன்று. எவ்வளவு முயன்றும் தீராது. டிபிஎம் சில்லு இருந்தும் பயாஸில் அணைந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். இல்லையெனில் அந்தக் கணினிக்கு லினக்ஸ் நல்ல துணை.

3. சி டிரைவில் தாராளமாக இடம் ஒதுக்குங்கள். நான் 30 ஜிகாபைட் ஒதுக்கினேன்.

4. பழைய வீட்டைச் செப்பனிடுங்கள். கட்டளைத் திரையில் முதலில் 'டிஸம்' என்ற கட்டளையாலும், பிறகு 'எஸ்எஃப்சி' என்ற கட்டளையாலும் விண்டோஸ் 10-இன் பழுதான கோப்புகளைச் சரிசெய்யலாம்.

5. பென் டிரைவ், பிரிண்டர் முதலியவற்றைக் கழற்றுங்கள். விபிஎன்-ஐ அணையுங்கள். தனியாக வாங்கிய வைரஸ் தடுப்பு மென்பொருளைத் தற்காலிகமாக நீக்குங்கள். மின்கம்பியை இணைத்தே வையுங்கள். நம் விடுதியின் மின்சாரத்தை நாம் அறிவோமல்லவா?

6. எண் நகரவில்லை என்று பதறி அணைக்காதீர்கள். ஒரே எண்ணில் நெடுநேரம் நிற்பது இயல்பு. டிஸ்க் விளக்கு மினுக்கினால் வேலை நடக்கிறது என்று பொருள். இரவில் தொடங்கிவிட்டு உறங்கச் செல்வது நலம்.

7. திரும்பிவிட்டால், எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். நாட்குறிப்பைப் பாருங்கள். அதைப் படித்துச் சுருக்கம் சொல்ல 'செட்டப்டயாக்' என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தருகிறது. முதலில் அதைக் கேட்பது எளிது. பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்து மீண்டும் முயலுங்கள்.

வெற்றி பெற்ற பிறகும் பத்து நாள் வரையில் பழைய விண்டோஸ் ஒதுக்குப்புறத்தில் காத்திருக்கும். புதியது ஒத்துவரவில்லையெனில், அமைப்புகள் பகுதியிலிருந்தே திரும்பிவிடலாம். ஆகவே இடம் வேண்டும் என்று 'விண்டோஸ்.ஓல்டு' கோப்புறையை அன்றே அழித்துவிடாதீர்கள்.

முழுவதும் அழித்துப் புதிதாகப் போடுவது தவறான வழி என்று நான் சொல்லவில்லை. சில வேளைகளில் அது ஒன்றே வழி. ஆனால் அது கடைசி மருந்து. நகல் கையில் இல்லாதவர் அதைத் தொடலாகாது. மேலும், காரணம் அறியாமல் அழித்தவருக்கு, ஏன் அழிக்க நேர்ந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போகும். அதே டிரைவரை அடுத்த திங்களில் அவரே மீண்டும் ஏற்றுவார்.

இப்போது என் எண்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன. வெளி டிஸ்க் ஒன்று பெட்டியில் இருக்கிறது. சங்க அறைக்குக் கணினியைக் கொண்டுவந்து, "அண்ணா, பாதியில் நின்றுவிட்டது" என்று சொல்லும் தம்பி தங்கையரை நான் மகிழ்வோடு வரவேற்கிறேன். எண்ணைப் பார்ப்போம், நாட்குறிப்பையும் படிப்போம். ஆனால் திரையைத் திறக்கும் முன் அந்தக் கடைக்காரரின் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்: உள்ளே வேண்டியது ஏதாவது இருக்கிறதா?